அடுப்படி ப்ளக்கு

எங்கள் தெருவில் வானம் இருட்டினால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு முகங்கள் மாறும். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற முகம் சுண்டிப்போகும். அந்தப் பக்கம் இருக்கிற முகத்தில் பல் தெரியும். மழை பெய்தால் இந்தப் பக்கத்துக்காரர் விற்கிற குடை டிவி நின்றுவிடும், அந்தப் பக்கத்துக்காரர் ஓட்டுகிற கேபிள் டிவி நிற்காது. காற்று அடித்தால் கதை தலைகீழ். கேபிள் எங்காவது அறுந்து தொங்கும், இந்தப் பக்கத்துக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு வாசலில் நிற்பார். மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்குவார்கள். எனக்கு அந்த நாள்தான் பிடிக்கும். என்னிடம் டிவி கிடையாது.

நான் இந்தப் பக்கத்து வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். தையல்காரி. மிஷினை ஜன்னலோரம் போட்டிருப்பதால் தெருவில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. பார்க்க வேண்டும் என்று பார்ப்பதில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது தலை நிமிரத்தானே வேண்டும்.

முன்பு இது ஒரே வீடு. அப்பாக்காரர் உயிரோடு இருக்கும்போதே நடுவில் சுவர் எழுப்பி, அந்தப் பாதி மகனுக்கு, இந்தப் பாதி மகளுக்கு என்று சொல்லிவிட்டார். வாயால் சொன்னதுதான். அண்ணனும் தங்கையும் ஒற்றுமையாக இருந்த காலத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மகன்தான் கேபிள்காரர். மகளை நான் வீட்டுக்காரம்மா என்பேன், அவளுக்குத்தானே வாடகை கொடுக்கிறேன். அவள் புருஷனைத் தெரு முழுக்கக் குடைக்காரர் என்கிறது. மொட்டை மாடியில் கவிழ்த்த குடை மாதிரி ஒரு தட்டை வைத்துப் படம் பிடிக்கிற கம்பெனிக்கு அவர் வேலை பார்க்கிறார். மழைக்கு மட்டும் ஆகாத குடை என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

இந்தக் குடைக்காரர் ஒரு காலத்தில் கேபிள்காரரிடம் ஏணி தூக்கியவர். ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் ஏறுவார். கேபிள்காரர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார், இல்லையென்றால் பிடித்துக்கொள்வது போல நின்று போன் பேசுவார். வேலைக்காரனின் சுறுசுறுப்பு பிடித்துப்போய்த் தங்கையைக் கொடுத்தேன் என்று கேபிள்காரர் சொல்வதுண்டு. கூலி இல்லாமல் ஆள் கிடைத்தது என்று டீக்கடைக்காரர் சொல்வதுண்டு. இரண்டிலும் உண்மை இருந்திருக்கும்.

பிரிந்தது ஒரு மத்தியான வேளையில். ஏதோ ஒரு வீட்டில் படம் நிழல் அடித்தது. ஒயரின் மேல்தோலைச் சரியாக உரிக்காமல் முனை பூட்டியதால் தண்ணீர் இறங்கிவிட்டது. அதை அந்த வீட்டு ஆட்கள் முன்னாலேயே கேபிள்காரர் சொல்லிக் காட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். எங்கப்பன் கட்டின வீட்டில் படுத்துக்கொண்டு என் தங்கச்சி ஆக்கிப்போடுவதைத் தின்கிறவனுக்குத் தோல் உரிக்க எப்படித் தெரியும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். இவர் கட்டிங் பிளேயரைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். மறுபடி அதை எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் குடைக் கம்பெனிப் பையை மாட்டிக்கொண்டு இதே தெருவுக்குள் வந்தார்.

வந்தவர் சும்மா வரவில்லை. எந்த வீட்டுக் கேபிள் எந்த இடத்தில் ஒட்டுப் போட்டது, எந்த ஒட்டில் மழைத் தண்ணீர் இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, போட்டதே அவர் கைதானே. அந்த வீடுகளுக்குத்தான் முதலில் போனார். கேபிள்காரர் சளைத்தவரா? மழை வந்ததும் நிஜக் குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தட்டு வைத்த வீட்டின் வாசலாகப் பார்த்து நின்று, என்ன, படம் வருதா என்று அக்கறையாக விசாரிப்பார். ஒரே வீட்டுச் சுவரின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இவர்கள் அடித்த கூத்தைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

ஏனென்றால் அவள் அடுப்படியில் ஒரு ப்ளக்கு இருந்தது.

கேபிள் நீளப்போகப்போகப் படம் மங்கிவிடும். நடுவில் கம்பத்தில் ஒரு பெட்டி வைத்து அதைத் தெம்பாக்கி அனுப்ப வேண்டும். ஆம்ப் என்பார்கள். அந்தப் பெட்டிக்குக் கரன்ட் வேண்டும், அதைப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு வீட்டிலிருந்துதான் இழுக்க வேண்டும். என் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற டீக்கடை உட்பட, எங்கள் தெருவின் பின்பாதி முழுவதும் படம் பார்ப்பது இந்த அடுப்படி ப்ளக்கால். கேபிள்காரர் தன் பாதியிலேயே மாட்டியிருக்கலாம். ஆனால் இரண்டு பாதிக்கும் கரன்ட் வெவ்வேறு கம்பத்திலிருந்து வருகிறது. அவர் பக்கத்துக் கம்பி ஒரு மரத்தின் கிளைகளுக்குள் நுழைந்து வருவதால் பலமாக ஒரு காற்று அடித்தால் போய்விடும். தங்கை பக்கம் கெட்டி. அதனால்தான் ஒற்றுமையாக இருந்த நாளில் அவரே வந்து அடுப்பு மேடைக்கு மேலே சுவரைக் குடைந்து ஒயரைக் கொண்டுவந்து மாட்டினார். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். வீட்டுக்காரம்மா காலையில் பால் காய்ச்சும்போது முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

சண்டைக்குப் பிறகும் அந்த ப்ளக்கு அங்கேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போ என்று குடைக்காரர் சொல்லவில்லை. மச்சான் குடுமி தன் அடுப்படியில் இருப்பது அவருக்கு ஒரு சந்தோஷம். ஒரு தடவை, கைபட்டு அணைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாமே என்று சாப்பிடும்போது மெல்லப் பேச்சை எடுத்திருக்கிறார். அவள் தட்டில் போட வந்த சோற்றைப் பாத்திரத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். அண்ணன் வாய்தான் அப்படி, ஆனா என்னை நம்பித்தான் பொழப்பை இங்கே விட்டு வச்சிருக்கான் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்கு அந்தப் பெருமை கொஞ்சம் பயமாக இருந்தது.

கால்பந்துக் கோப்பைக்கான கடைசி ஆட்டம் நெருங்கியது. டீக்கடைக்காரருக்கு வியாபார மூளை. எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு பேரையும் தன் கடையில் மோத விட்டால் தெருவே வந்து டீ குடிக்கும் என்று கணக்குப் போட்டார். கடையில் ஏற்கனவே கேபிள் டிவி ஒன்று இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு டிவியை வைத்து, தகரக் கூரைமேல் தட்டு மாட்ட இடம் கொடுத்தார். குடைக்காரர் கம்பெனியிலிருந்து இருப்பதிலேயே பெரிய தட்டாகக் கொண்டுவந்து பூட்டினார்.

அன்றைக்கு நான் பித்தான் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது டீக்கடை முன்னால் கூட்டம். குடைக்காரர் கூரைமேல் நின்றபடி, மெயின் கேபிள் ஆபீஸ் மாடியில் இருப்பதும் தட்டுதான், என் தட்டு நின்றால் உங்கள் பெரிய தட்டும் நிற்கும், மக்களை ஏமாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது ஆளுயரத் தட்டு, உன்னோடது தோசைக்கல்லு என்றார் கேபிள்காரர் கீழே இருந்து. பேச்சு இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சிரிப்பு நின்றது.

"சரி மாப்பிள்ளை, பந்தயம் வச்சுக்குவோம்," என்றார் கேபிள்காரர். "ஆட்டத்தன்னைக்கு எது முதல்ல நிக்குதுன்னு பாப்போம். என் கேபிள் நின்னா ஆம்ப்பைக் கழட்டி உன் கையில குடுத்துட்டு, தெருவுல பின்பாதிய உனக்கே விட்டுர்றேன். உன் குடை நின்னா, அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு வேற தெரு பாத்துக்கோ."

குடைக்காரர் போனை எடுத்துப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க வெயில் என்று அதில் போட்டிருந்ததாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "சரி மச்சான்," என்றார்.

நான் பித்தான் பொட்டலத்தோடு நேராக அடுப்படிக்குப் போனேன். வீட்டுக்காரம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பருப்பு ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, எந்த வீட்டை என்று கேட்டாள். இந்த வீட்டைத்தான் என்றேன். கத்தி நிற்கவில்லை.

"வெங்காயம் நறுக்குறப்ப வந்து சொல்றீங்களேக்கா. அழுதா எதுக்கு அழுறேன்னு எனக்கே தெரியாது."

அன்று சாயங்காலம் அவள் புருஷனிடம் கேட்டது மாடிக்கே கேட்டது. என் வீட்டை வைத்து விளையாட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்றாள். கேட்டது உன் அண்ணன், என்னை ஏன் கேட்கிறாய், மழை வரப்போவதில்லை என்றார். பிறகு கொல்லைப்பக்கம் போய்ச் சுவருக்கு மேலாக அண்ணனைக் கேட்டாள். என்னைப் போகச் சொல்கிறாயா என்றாள். உன்னை யார் சொன்னது, அவனைத்தான் சொன்னேன் என்று பதில் வந்தது. அவர் போனால் நான் எங்கே இருப்பது என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு வாளியை நகர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. இரண்டு தடி ஆண்கள் கர்வத்துக்குப் பந்தயம் கட்டுகிறார்கள், பணயம் வைத்தது ஒரு பெண் பிறந்து வளர்ந்த வீட்டை. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவிலும் ஒருத்தர் வாய் திறந்து ஏன் என்று கேட்கவில்லை. ஆட்டம் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

ஆட்டத்தன்று காலையில் நல்ல வெயில். குடைக்காரர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல் புழுக்கம் ஏறியது. என் கை வேர்த்துத் துணியில் ஒட்டியது. ஆட்டம் தொடங்கி, தெருவே டீக்கடையில் நின்றது. இரண்டு டிவியிலும் ஒரே ஆட்டம்தான், ஆனால் குடையில் படம் ஒரு மூச்சு பிந்தித்தான் வரும். அதனால் ஒவ்வொரு கூச்சலும் தெருவில் இரண்டு தடவை கேட்டது. முதலில் கேபிள் பக்கத்துக் கூச்சல், அது அடங்குவதற்குள் குடைப் பக்கத்துக் கூச்சல். நடந்து முடிஞ்சதுக்குக் கத்துறாங்க பாரு என்று கேபிள் பக்கம் கேலி செய்தது.

மேகம் மேற்கே கட்டியதை முதலில் பார்த்தது நான்தான். சொல்லலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் அது தலைக்கு மேலே வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு சொட்டு விழவில்லை, அதற்குள் குடை டிவியில் ஆட்டக்காரர்கள் கட்டம் கட்டமாக உடைந்தார்கள். ஒருத்தன் தூக்கின காலோடு நின்றான். பிறகு நீலமாக ஒரு திரை, சிக்னல் இல்லை என்று எழுத்து. பக்கத்திலேயே கேபிளில் ஆட்டம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. குடைக்காரர் தகரக் கூரைமேல் ஏறித் துண்டால் தட்டைத் துடைத்தார். அப்போதுதான் மழை இறங்கியது. துடைக்கத் துடைக்க மழை, மழையிலேயே துடைக்கிறார். தட்டு கழுவுறாருய்யா, சாப்பாடு முடிஞ்சுது என்று கீழே எவனோ சொல்ல, கடையே குலுங்கியது. கேபிள்காரர் சிரிக்கவில்லை. ஒரு டீயை வாங்கி நிதானமாகக் குடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அதுதான் சிரிப்பதைவிட மோசமாக இருந்தது.

என் கூரை ஒழுகத் தொடங்கியது. வெட்டி வைத்த துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு கீழே அடுப்படிக்கு வந்தேன். வீட்டுக்காரம்மா அடுப்பு மேடைக்கு முன்னால், ப்ளக்குக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவள் எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

குடைக்காரர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்.

"தள்ளு. இடி இடிக்குது, ப்ளக்கைப் பிடுங்கணும்."

"அப்ப மொதல்ல ஃப்ரிட்ஜைப் பிடுங்குங்க."

"வெளையாடாதே. கேபிளும் நின்னுடுச்சுன்னா, மழையில ரெண்டும் நின்னுச்சுன்னு ஆயிடும். எது முதல்ல, எது பின்னாலன்னு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. பந்தயமே இல்லன்னு நான் பேசிக்கிறேன். வீடு நமக்கு. புரியுதா?"

"புரியுது."

"அப்புறம் ஏன் நிக்கிறே? நாளைக்குச் சட்டி பானையைத் தூக்கிட்டு நடுத்தெருவுல நிக்கணுமா?"

"நிக்கிறேன். அதுக்காக அவன் பொழப்புல கை வைக்க மாட்டேன். எங்கண்ணன் என்னை நம்பி இதை இங்க விட்டிருக்கான்."

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அவள் முழங்கை அலமாரியில் மோதி, மேலே இருந்த டம்ளர்கள் உருண்டன. நான் மூட்டையைப் போட்டுவிட்டு நடுவில் போவதற்குள் ஸ்விட்சைத் தட்டிவிட்டார், ப்ளக்கு அவர் கையில் இருந்தது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

மூன்று பேரும் தெருப்பக்கம் காது கொடுத்தோம். கேபிள் போய்விட்டது என்று கத்தப்போகிறார்கள் என்று காத்திருந்தோம். மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு டீக்கடையிலிருந்து பெரிய கூச்சல். ஏமாந்த கூச்சல் இல்லை. யாரோ கோல் போட்டுவிட்டான்.

குடைக்காரர் வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். கேபிளில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வெளிச்சுவரைப் பார்த்தார். எங்கள் ப்ளக்கிலிருந்து போகிற ஒயர் சுவருக்கு வெளியே முழம் தூரத்தில் வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கம்பத்துப் பெட்டிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து புது ஒயர் போயிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோற்ற மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கையில் இருந்த ப்ளக்கைச் சுவர் ஓட்டையிலிருந்து ஒயரோடு உருவி அவளிடம் நீட்டினார்.

"இந்தா, உங்கண்ணன் நம்பிக்கை. பத்திரமா வச்சுக்கோ."

அவள் வாங்கிக்கொண்டாள். முழங்கையில் தோல் உரிந்திருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. நான் மஞ்சளைக் குழைத்து வைக்கலாமா என்று கேட்டேன். அவளுக்குக் காது கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் காற்று எழும்பியது. எங்கோ மரக்கிளை முறிகிற சத்தம். அடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மின்விசிறிச் சத்தம், டிவிச் சத்தம் எல்லாம் ஒரே வீச்சில் நின்றன. எங்கள் பக்கம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டீக்கடையிலும் விளக்கு எரிந்தது, ஆனால் படம் இல்லை. இப்போது வந்ததுதான் ஏமாந்த கூச்சல். கேபிள்காரர் கோபத்தில் ஒயரை மாற்றியவர், முதலில் அதை ஏன் தங்கை வீட்டில் மாட்டினோம் என்பதை மறந்துபோனார். வேறு எவனாவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் அவரே நாள் முழுக்கத் திட்டியிருப்பார்.

கொல்லைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கேபிள்காரர். தலையில் துண்டு, கையில் ஒயரின் முனை. உள்ளே தன் மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

"அந்த ப்ளக்கைக் குடு. இதைச் சேர்த்து மாட்டிடறேன். சீக்கிரம், ஆட்டம் முடியப்போகுது."

"என்னைக்கு மாத்துனே?" என்றாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"என்னைக்குண்ணே?"

"பந்தயம் போட்ட மறுநாள்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இவன்கிட்ட சொல்லுவே. இவன் ஏணி போட்டு ஏறி அதையும் வெட்டுவான்."

"இத்தனை நாளா ஒரு தடவை அணைச்சிருக்கேனா?"

"அணைக்கல. ஒத்துக்கறேன். அணைக்க மாட்டேன்னு நான் எதை வச்சு நம்புறது? என்ன இருந்தாலும் நீ இவன் பொண்டாட்டி."

தெருவில் கேபிள்காரரைப் பேர் வைத்துத் திட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். வீட்டுக்காரம்மா அவசரப்படவில்லை.

"தர்றேன். வாசலுக்கு வா. வீட்டைக் காலி பண்ணுன்னு எல்லார் முன்னாலதானே சொன்னே. இது என் தங்கச்சி வீடுன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லு. நானே மாட்டி விடறேன்."

அவர் போனார். மறுக்க நேரம் இல்லாததால் போனார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் வாசலுக்கு வந்தோம். தெருவைப் பார்த்து நின்று அவர் வாயைத் திறந்தார். தொண்டையைக் கனைத்தார். என் தங்கச்சி என்று தொடங்கினார். அதற்குள் டீக்கடையில் ஓவென்று ஒரு சத்தம். மழை கொஞ்சம் தணிந்ததும் குடை டிவியில் படம் தானாகவே திரும்பி வந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. கேட்க ஆள் இல்லாமல் போனதும் கேபிள்காரர் வாயை மூடிக்கொண்டார்.

குடைக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. பாத்தீங்களா மச்சான், யாரும் தொடாமலே வந்துச்சு பாத்தீங்களா என்று தெருவில் இறங்கினார். கேபிள்காரரும் கையில் ஒயரோடு இறங்கினார்.

"வந்ததைப் பத்தி இல்லடா பேச்சு. எது முதல்ல நின்னுச்சு? உன் குடை. சொன்னபடி வீட்டைக் காலி பண்ணு."

இவள் கேட்ட ஒரு வார்த்தைக்குக் கனைத்துக்கொண்டு நின்ற மனிதருக்கு, இதைச் சொல்ல எந்தத் தடங்கலும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அழவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பந்தயம் கட்டினது நீங்க ரெண்டு பேரு. நான் கட்டல," என்றாள். புருஷனைப் பார்த்து, "தோத்தது நீங்க. நீங்க போங்க," என்றாள். அண்ணனைப் பார்த்து, "நம்பாதது நீ. நீ இந்த வாசலை மிதிக்காதே," என்றாள். கையில் இருந்த ப்ளக்கை, அதில் தொங்கிய ஒயரோடு தெருவில் வீசினாள். "நான் என் வீட்டுல இருக்கேன்."

என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு கொல்லைக் கதவையும் போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை மறுபடி வலுத்தது. குடை டிவி மறுபடி நின்றது. ஆட்டத்தை யார் ஜெயித்தார்கள் என்பது தெரியாமலேயே ஆளுக்கு ஒருபக்கமாகத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். டீக்கடைக்காரர் இரண்டு டிவியையும் துணி போட்டு மூடினார். கடைசியில் கூரைக்குக் கீழே அவர்கள் இரண்டு பேர் மட்டும் இரண்டு மூலையில் நின்றார்கள். டீ கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது, அடுப்பை அணைத்துவிட்டேன் என்று டீக்கடைக்காரர் கையை விரித்தது தெரிந்தது.

வீட்டுக்காரம்மா உலை வைத்தாள். அரிசி எவ்வளவு போட என்று என்னைக் கேட்டாள். நமக்கு ரெண்டு பேருக்குத்தானே என்றேன். அவள் வழக்கமாகப் போடும் அளவையே போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கரன்ட் திரும்பி வந்தது. மின்விசிறி சுற்றியது, டிவி சத்தமாக ஓடத் தொடங்கியது. நடுவில் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டதும், கேபிள்காரர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டோம்.

சோறு வடிக்கிற நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது. அவள் கஞ்சியை முழுக்க வடித்துவிட்டுத்தான் போனாள். கதவைத் திறக்கவில்லை.

"யாரு?"

"நான்தான்," என்றார் குடைக்காரர். "கை பட்டதுக்கு மன்னிச்சுக்கோ. திற."

"யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

ஓட்டுத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஈரத்தில் நின்று சாகட்டும் என்று எனக்கு ஒரு பக்கம் தோன்றியது. திறந்து தொலையேன் என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

"உன் வீட்டுக்கு," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. அந்தப் பக்கம் கேக்கணும்."

"உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கேன்," என்று அவர் தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

சுவருக்கு அந்தப் பக்கம் டிவிச் சத்தம் நின்றது. யாரோ வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்க வேண்டும். அவள் அந்தச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் தாழ்ப்பாளை எடுத்தாள்.